அந்த நீலம் நிஜம்தான், தம்பி

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி 'தி ஃபால்' படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவர் கேட்பது இது: "அண்ணே, அந்த நீல ஊரும் படிக்கட்டுக் கிணறும் கம்ப்யூட்டரில் செய்ததா? கதை பாதிதான் பிடிபட்டது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கதையை விட்டுவிட்டு நிறத்தை ரசிப்பது சின்னப்பிள்ளைத்தனமா? இதே மாதிரி வேறு என்ன படங்கள் இருக்கின்றன? செம்பனையும் தாமான் வீடுகளுமாக இருக்கிற நம்ம பக்கத்தில், கையில் காசில்லாமல், இப்படி ஏதாவது எடுக்க முடியுமா?"

நானும் அதே ஊர்தான். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். பகலெல்லாம் மண்டபத்து மேடையின் ஊதா விளக்கோடு மல்லுக்கட்டிவிட்டு, இரவில் இந்த மாதிரிச் சின்னப் படங்களைத் தேடிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. விமர்சகர் மாதிரி எனக்குப் பேச வராது. கேமரா பிடிக்கிறவன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

அந்த நீலம் நிஜம்தான். ராஜஸ்தானில் ஜோத்பூர் கோட்டைக்குக் கீழே இருக்கிற பழைய நகரத்தில் வீடுகளுக்கு நீலம் அடிப்பது வழக்கம். படக்குழு அங்கே போய், மங்கிப்போன சுவர்களுக்கு மறுபடி அடித்துக்கொள்ளச் சொல்லி ஊர்க்காரர்களுக்கே பெயிண்ட் கொடுத்தது. நிறத்தைக் கூட்டியது கம்ப்யூட்டர் இல்லை, பிரஷ்ஷும் ஏணியும். படிக்கட்டுக் கிணறும் நிஜம். ஆபாநேரி கிராமத்துச் சாந்த் பாவ்ரி அது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு, சுமார் 3,500 படிகள். கடலில் யானை நீந்துகிறதே, அது அந்தமானில் எடுத்தது. இயக்குநர் தர்செம் சிங் ஜலந்தரில் பிறந்த பஞ்சாபி, விளம்பரப் படங்களில் பேர் வாங்கியவர். விளம்பர வேலைக்காக ஒரு நாட்டுக்குப் போனால், கையோடு தன் படத்துக்கும் சில காட்சிகளை அங்கேயே எடுத்துக்கொள்வார். இப்படியே நாலு வருஷம், இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் சொந்தக் காசு. 2006-ல் டொரண்டோ விழாவில் காட்டினார்கள், தியேட்டருக்கு வந்தது 2008-ல். பெரிதாக ஓடவில்லை. அப்புறம் பல வருஷம் தேடினாலும் கிடைக்காத படமாகவே இருந்தது. 2024-ல் 4கே தரத்தில் புதுப்பித்து மூபி என்ற இணையத் திரைத் தளம் வழியாக வெளியிட்ட பிறகுதான் உங்கள் வயசுக்காரர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது நான் விடாமல் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. இந்த நிறம் கேமராவுக்கு முன்னால் நின்றதா, பிறகு வந்து சேர்ந்ததா? இதைக் கேட்க ஆரம்பித்தால் ஒரு படத்தை யார் யோசித்தார்கள், எப்போது யோசித்தார்கள் என்பதெல்லாம் தெரியவரும். 'தி ஃபால்' படத்தின் உடைகளைச் செய்தவர் ஜப்பானின் எய்கோ இஷியோகா. அந்த உடைகள் எந்த மணலுக்கு முன்னால், எந்தச் சுவருக்கு முன்னால் நிற்கப்போகின்றன என்று முதலிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்குப் போடாமல் அப்படி வராது.

பிறகு வந்து சேர்கிற நிறம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. தாய்லாந்தில் விசிட் சாசனாதியெங் எடுத்த 'டியர்ஸ் ஆஃப் தி பிளாக் டைகர்' (2000) என்று ஒரு கௌபாய் காதல் கதை இருக்கிறது. ரோஜா நிறச் சுவர், பச்சையும் நீலமும் கலந்த வானம், வரைந்த படுதாவுக்கு முன்னால் துப்பாக்கிச் சண்டை. பழைய தாய்லாந்துப் படங்களும் கையால் வரைந்த சினிமா விளம்பரத் தட்டிகளும் எப்படி இருந்தனவோ அப்படி இருக்க வேண்டும் என்று, எடுத்த பிலிமை டிஜிட்டலுக்கு மாற்றி நிறத்தை முறுக்கினார்கள். அதற்கு முன்பே செட்டுக்கும் உடைக்கும் அடித்த நிறங்கள் அதே திசையில்தான் இருந்தன. கேமராவுக்கு முன்னாலும் வேலை, பின்னாலும் வேலை. கான் விழாவின் அதிகாரபூர்வத் தேர்வுக்குப் போன முதல் தாய்லாந்துப் படம் அது. அழுமூஞ்சிக் கதைதான். ஆனால் தன் அழுகையைப் பார்த்துத் தானே கொஞ்சம் சிரித்துக்கொள்கிற கதை, எம்.ஜி.ஆர். காலத்துப் படங்களில் வளர்ந்த நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடிக்காதது, யோசிக்காமல் எடுத்துவிட்டு பிறகு கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும் 'கலரிங்'கில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற புத்தி. எங்கள் தொழிலில் அது தினசரி நடக்கிறது. பெரிய கம்பெனிப் படங்களிலும் நடக்கிறது. அங்கே கடைசி நிமிஷம்வரை மாற்றக் காசு இருக்கிறது, மாற்றச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். பத்துப் பேரும் ஒத்துக்கொள்கிற நிறம் எது என்று பார்த்தால் பெரும்பாலும் அது ஒரு நீலச்சாம்பலாகத்தான் இருக்கும். சின்னப் படக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. சுவர் என்ன நிறம், சட்டை என்ன நிறம் என்று எடுக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். காசில்லாத படம் சில நேரம் கண்ணில் அறைகிற மாதிரி வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'டேஞ்சரின்' (2015) பாருங்கள். ஷான் பேக்கர் எடுத்தது, செலவு சுமார் 1 லட்சம் டாலர். கேமரா எது தெரியுமா? ஐபோன் 5எஸ், அதுவும் மூன்றுதான். முன்னால் அகலத்திரை லென்ஸ் ஒன்றைக் கிளிப் மாதிரி மாட்டி, ஒரு செயலியை வைத்து லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் எடுத்தார்கள். யதார்த்தப் படம் என்றால் நிறத்தைக் குறைத்து வெளிறவைப்பதுதான் அன்றைய வழக்கம். பேக்கரும் முதலில் அப்படித்தான் செய்யப் பார்த்தார். பிறகு நேர் எதிராக, நிறத்தைத் தூக்கிவிட்டார். அந்தச் சாயங்கால ஆரஞ்சு வானத்துக்குக் கீழே திரிகிற திருநங்கைகள் இருவரும் அந்த வெயிலைவிடச் சூடானவர்கள். வெளிறிய படத்தில் அவர்கள் அடங்கியிருக்க மாட்டார்கள். அதே ஆள் 2017-ல் 'தி ஃபுளோரிடா ப்ராஜெக்ட்' எடுத்தபோது 35 எம்.எம். பிலிமுக்குப் போனார். கத்தரிப்பூ நிறம் பூசிய மலிவு விடுதி ஒன்று, அதில் வாடகைக்கு நாள் கடத்தும் குடும்பங்கள், வெளியே ஓடித் திரியும் பிள்ளைகள். அந்த நிறம் சுற்றுலாப் பயணிக்காக அடித்தது, உள்ளே இருப்பது வறுமை. பிள்ளைகளுக்கு மட்டும் அது அரண்மனை நிறமாகவே தெரிகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே வழி இருக்கிறது. கதையை விட்டுவிட்டு நிறத்தை ரசித்தேன் என்கிறீர்கள். நீங்கள் கதையை விடவில்லை என்பதுதான் என் எண்ணம். 'தி ஃபால்' எங்கே நடக்கிறது? மௌனப்பட காலத்து லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஆஸ்பத்திரி. படப்பிடிப்பில் அடிபட்டுக் கால் விளங்காமல் கிடக்கிறான் ஒரு சண்டைக்காரன். ஆரஞ்சு மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட சின்னப் பெண் ஒருத்தி அவனிடம் கதை கேட்கிறாள். பிழைப்புத் தேடி வந்து தோட்டத்தில் பழம் பறிக்கும் குடும்பத்துப் பிள்ளை. சொல்வது அவன், பார்ப்பது அவள். அவன் கதையில் வரும் 'இந்தியன்' அமெரிக்கப் பழங்குடி. குதிரைப் படங்களில் விழுந்து எழுகிறவன் வேறு யாரை நினைப்பான்? அவளுக்குத் தெரிந்த இந்தியன், தன்னோடு ஆரஞ்சு பறிக்கிற ஆள். ஆகவே திரையில் வந்து நிற்பது தலைப்பாகையும் வாளுமாக நம்ம ஊர் வீரன். அந்தப் படத்தின் ஒவ்வொரு முகமும் அவள் ஆஸ்பத்திரியிலும் தோட்டத்திலும் பார்த்த முகம். அத்தனை நிறமும் ஒரு தோட்டத்துப் பிள்ளையின் தலைக்குள் இருப்பது. லயத்து வாசலில் உட்கார்ந்து, பாட்டி சொன்ன ராஜா கதையில் ராஜாவுக்கு நம்ம தண்டலின் மீசையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

(அந்தப் பெண் ருமேனியாக்காரி, கட்டின்கா உன்டாரு. கட்டிலில் கிடக்கும் சண்டைக்காரனாக நடித்த லீ பேஸுக்கு நிஜமாகவே நடக்க வராது என்றுதான் அவளையும் படக்குழுவில் பெரும்பாலானவர்களையும் நம்பவைத்திருந்தார்கள். அவள் பேச்சில் பாதி அந்த இடத்தில் தானாக வந்தது. இவ்வளவு திட்டம் போட்ட படத்தின் நடுவில் இப்படித் திட்டமில்லாத ஒன்று இருப்பதால்தான் அது கண்ணாடிப்பெட்டிப் பொம்மையாக ஆகாமல் தப்பித்தது.)

கதையே இல்லாமலும் நிறம் நிற்குமா? நிற்கும், ஆனால் பொறுமை வேண்டும். செர்கெய் பராஜனோவ் 1969-ல் எடுத்த 'தி கலர் ஆஃப் பொமகிரனட்ஸ்' அப்படி. சயத் நோவா என்ற ஆர்மீனியக் கவியின் வாழ்க்கை, வாழ்க்கை வரலாறாக இல்லாமல். கேமரா அசையாது. ஆட்கள் நேராக நம்மைப் பார்த்து நிற்பார்கள், கையில் ஒரு பொருள், அதை ஒருமுறை அசைப்பார்கள், அவ்வளவுதான். கொலுப்படி முன்னால் உட்கார்ந்து பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கக் கூடாது, எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் மாதுளைச் சாறு பரவுவது, சாயத் தொட்டியிலிருந்து கம்பளி நூல் சொட்டச் சொட்ட வெளியே வருவது, இதெல்லாம் ஒருமுறை பார்த்தால் மறக்காது. சோஃபிகோ சியாவ்ரெலி என்ற நடிகையே கவியாகவும் வருகிறார், காதலியாகவும் வருகிறார், இன்னும் சில வேடங்களிலும் வருகிறார். சோவியத் அரசாங்கக் காசில் எடுத்த படம் என்பதால் கறாராகப் பார்த்தால் இதைச் சுயாதீனப் படம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அரசாங்கத்துக்கே இது பிடிக்கவில்லை. வேறொருவரை வைத்து வெட்டி ஒட்டித்தான் பரவலாக வெளியிட்டார்கள். 1973-ல் பராஜனோவ் சிறைக்கும் போனார். எனக்கு அந்தச் சுதந்திரம் போதும்.

எல்லா வண்ணப்படமும் இப்படி நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'லவிங் வின்சென்ட்' (2017) படத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் சுமார் 65,000 பிரேம்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்கள். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. படமாகப் பார்த்தால் அரை மணி நேரத்தில் எனக்குக் கண் சோர்ந்துவிட்டது. வான் கோ ஒரு ஓவியத்துக்குள் நிறுத்திவைத்த துடிப்பு, சட்டகம் முழுக்க ஓயாமல் நெளியும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உங்களுக்குப் பிடிக்கலாம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது தோல் நிறம். இதைப் பற்றி நம்ம ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, நான் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன்.

வண்ணப் பிலிம் வெள்ளைத்தோலை அளவுகோலாக வைத்துச் செய்யப்பட்ட சாமான். கோடாக் கம்பெனி போட்டோ பிரிண்ட் போடும் லாப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி கார்ட்' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுப்புத் தோல் சேறாகப் போனாலும், கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தாலும், அது பிழையாகக் கணக்கில் வரவே இல்லை. பிலிம் திருந்த ஆரம்பித்ததே 1970-களில்தான். அதிலும் கறுப்பின மக்கள் கேட்டதைவிட, சாக்லேட் கம்பெனிகளும் மர சாமான் கம்பெனிகளும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக விழவில்லை' என்று சொன்னதுதான் எடுபட்டது. இந்தக் கதையைத் தோண்டி எடுத்து எழுதியவர் கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத். தோட்டப்புறத்துக் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை முகம் சாம்பலாகவும் பெண்ணின் முகம் சுண்ணாம்பாகவும் இருப்பதற்கு ஸ்டூடியோக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த முகத்துக்காகச் செய்யாத பிலிமில் அந்த முகத்தை எடுக்கவேண்டியிருந்தது, பவுடரை அப்பினார்கள்.

பவுடருக்கு நேர் எதிர் வேலை செய்த படம் 'மூன்லைட்' (2016). பாரி ஜென்கின்ஸ் இயக்கம், ஜேம்ஸ் லாக்ஸ்டன் கேமரா, 2017 ஆஸ்கரில் சிறந்த படம். மயாமியின் வியர்வையில் வளர்ந்தவர் ஜென்கின்ஸ். தன் ஊரில் தோல் மினுங்கும் என்பது அவர் நினைவு. அதனால் நடிகர்கள் முகத்தில் பளபளப்பை அடக்கப் பவுடர் போடாமல், எண்ணெய் தடவச் சொன்னார். கறுப்புத் தோல் ஒளியை எதிரொளித்துத்தான் வடிவம் காட்டும். மினுமினுப்பைத் துடைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். எடுத்தது டிஜிட்டல். ஆனால் மூன்று அத்தியாயத்துக்கும் மூன்று பழைய பிலிம்களின் குணத்தைக் கொடுத்தார்கள்: முதலாவது ஃபூஜி, இரண்டாவது அக்ஃபா, மூன்றாவது கோடாக். நிலவொளியில் அந்தத் தோல் நீலமும் ஊதாவுமாக மாறுவதைப் பார்த்தபோது எனக்கு ஒரே எரிச்சல். இத்தனை வருஷம் மண்டபத்தில் அழகான கறுப்பு முகங்களுக்கு மேலே எத்தனை கிலோ ஒப்பனையைப் படம் பிடித்திருப்பேன்!

இதற்கெல்லாம் முன்னோடி ஜூலி டேஷ் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' (1991). அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் இயக்கிப் பொதுவாகத் தியேட்டர்களில் வெளியான முதல் முழுநீளப் படம். 1902-ல், தெற்குக் கரையோரத் தீவு ஒன்றில், வடக்கே குடிபோகப்போகிற ஒரு குடும்பம் கடைசியாகக் கூடுகிறது. வெள்ளைச் சேலைபோல நீண்ட உடைகள், வெளிறிய மணல், அதற்குமேல் கறுப்புத் தோல். ஆர்தர் ஜாஃபாவின் கேமரா அந்த மூன்றையும் அரை வெளிச்சத்தில் பிரித்துக் காட்டுகிறது. அதில் நீலச் சாயம் எடுக்கும் அவுரித் தோட்டத்தில் அடிமையாக வேலை பார்த்த மூதாட்டியின் கைகள் இன்னும் நீலமாக இருக்கும். நிஜத்தில் சாயம் அத்தனை வருஷம் கையில் தங்காது. டேஷுக்கும் தெரியும், தெரிந்தே செய்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போனவர்களின் சட்டையில் கறுத்துப்போய் எந்தச் சோப்புக்கும் மசியாமல் இருக்குமே ஒரு கறை, அதைத் துவைத்த வீட்டுப்பிள்ளைகளுக்கு அந்த நீலக் கை வேறு விதமாகப் பேசும். இந்தப் பதிலில் ஒரே ஒரு படத்தைத்தான் பார்ப்பேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், இதைப் பாருங்கள்.

நம்ம நாட்டுப் படங்களுக்கு வருவோம். தீபக் குமாரன் மேனன் 2005-ல் எடுத்த 'செம்மண் சாலை' 1960-களின் ரப்பர் தோட்டத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. 'தி ஃபால்' மாதிரி வண்ணக் கொண்டாட்டத்தை அதில் தேடாதீர்கள். அது அடங்கிய படம். ஆனால் தோட்டத்தைத் தோட்டத்துக்காரன் கண்ணால் காட்டிய படங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறிய பிறகு, 1990-களின் தொடக்கத்தில் நடக்கிறது. 2016-ல் 28-வது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. மலாயில் எடுக்காத படத்தை எந்தப் பிரிவில் வைப்பது என்று அந்த வருஷம் நடந்த பெரிய சண்டைக்கு நடுவில் வாங்கியது. தமிழல்லாத படம் என்றாலும் அமண்டா நெல் யூவின் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' (2023) உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். பருவமடையும் பள்ளிக்கூடப் பெண்ணின் உடம்பு காட்டுப் புலியாக மாறுகிற கதை. கம்பத்துப் பச்சையும் கைப்பேசி வீடியோவின் மினுக்கு நிறங்களும் அதில் வெட்கமில்லாமல் கலக்கின்றன. கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பெரும்பரிசு வாங்கியது. இங்கே தியேட்டரில் ஓடியது தணிக்கையில் வெட்டுப்பட்ட வடிவம். அது தன் படமே இல்லை என்று இயக்குநரே சொல்லிவிட்டார். பார்த்தால் முழுதைப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஒன்று மட்டும்: பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021-ல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருது. வெயிலில் வெந்த பழுப்பைத் தவிர அதில் பெரிதாக நிறமே கிடையாது. பிறகு ஏன் இந்தப் பட்டியலில் என்றால், கண்ணுக்கு விருந்தாக இருக்கப் பத்து நிறம் தேவையில்லை என்பதை உங்களுக்குக் காட்டத்தான். ஒரே நிறத்தின் பல அளவுகளை அப்படி உறுதியாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

பார்க்கும் டிவியைப் பற்றி இரண்டு வார்த்தை. கடையில் வாங்கி வந்தபடியே 'விவிட்' மோடில் பார்க்காதீர்கள். அது கடை வெளிச்சத்தில் பக்கத்து டிவியை அமுக்குவதற்காக வைத்தது. 'ஃபிலிம்மேக்கர்' மோட் இருந்தால் அது, இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி'. படம் நாடகம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடினால் அசைவை மென்மையாக்கும் வசதி ஓடுகிறது என்று அர்த்தம், அதை அணையுங்கள். அறை விளக்கையும்தான். ஆரம்பத்தில் மஞ்சளாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். எங்கள் தலைமுறை தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் பார்த்த பழைய படங்களில் பாதி செக்கச் செவேலென்று இருக்கும். அந்தக் கால ஈஸ்ட்மென் கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துப்போகும், மிஞ்சுவது ரோஜாச் சிவப்பு. சிவாஜிக்கே அந்த நிறம்தான் என்று நினைத்து வளர்ந்தோம்.

சரி, நம்ம ஊரில் எடுக்கலாமா? எடுக்கலாம். முதலில் இங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ கூனோங் சீரோவுக்குப் போயிருப்பீர்கள். சுண்ணாம்பு மலையின் சாம்பல் நிறத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் வேட்டி வந்து நின்றால் எப்படி எரிகிறது? அதே வேட்டியை மண்டபத்துச் சரிகைத் திரைக்கு முன்னால் நிறுத்துங்கள், காணாமல் போய்விடும். வேட்டி மாறவில்லை, பின்னால் இருப்பது மாறிவிட்டது. உங்கள் படத்தில் ஒரு நிறம் எடுபட வேண்டும் என்றால், மற்ற எல்லாவற்றையும் அடக்குங்கள். இதற்குக் காசு வேண்டாம். 'அந்த ஆரஞ்சு வாளியைக் கொஞ்சம் தள்ளி வைங்க அக்கா' என்று கேட்கிற வாய் வேண்டும்.

செம்பனைத் தோட்டம் பார்க்க அழகு, எடுக்கச் சிரமம். மட்டைகளுக்கு அடியில் நின்றால் மேலேயும் கீழேயும் பச்சையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழும். ஆள் பித்தம் பிடித்தவர் மாதிரி இருப்பார். கைப்பேசி அதைத் திருத்துகிறேன் என்று தானாக ரோஜா நிறத்தைச் சேர்க்கும், ஷாட் நடுவிலேயே மாற்றிக்கொண்டும் இருக்கும். ஆகவே நிறத்தைச் சரிசெய்கிற வைட் பேலன்ஸைப் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவான எக்ஸ்போஷரையும் முகத்துக்கு வைத்துப் பூட்டுங்கள். ஆளை மட்டைக்கு நடுவில் நிறுத்தாமல், தோட்டத்துச் செம்மண் ரோட்டு ஓரத்துக்குக் கொண்டுவந்தால் கீழேயிருந்து இதமான சிவப்பு ஏறும், பச்சை பின்னால் போய்விடும். மழை விட்ட உடனே போங்கள். மேகம் வெயிலை வடிகட்டிக் கொடுக்கும். ஈர இலையின் வெள்ளை மினுக்கத்தை மட்டும் ஒரு போலரைசர் ஃபில்ட்டர் போட்டு வெட்டினால், அடியில் இருக்கிற பச்சை அப்படியே ஆழமாக வரும். அதைக் கம்ப்யூட்டரில் பிறகு செய்ய முடியாது.

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், கண் இரண்டும் குழியாகத் தெரியும். அந்தியும் இங்கே சீக்கிரம் ஓடிவிடும். ஐரோப்பியப் படங்களில் மணிக்கணக்கில் நிற்கிற பொன் வெளிச்சம் நமக்குக் கிடையாது. ஒத்திகையைப் பகலிலேயே முடித்துவிட்டு, ஏழு மணிக்கு முன்னால் ஆளும் கேமராவும் இடத்தில் இருக்க வேண்டும். பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் பழைய லயத்து வீட்டுக்குள் போங்கள். ஒரே கதவு, அதிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சம், பின்னால் இருட்டு. முகத்தில் பவுடர் வேண்டாம், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். நம்ம தோலுக்கு அதைவிட நல்ல லைட்டிங்கை வாடகைக்கு எடுத்தும் பெற முடியாது.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஆரஞ்சு-நீலப்பச்சை 'லட்'டுகள், அதாவது படம் முழுக்க ஒரே அழுத்தில் நிறத்தை மாற்றுகிற ஆயத்தக் கோப்புகள். வெளிர் தோலை ஆரஞ்சாக்கி, பின்னணியை அதற்கு எதிர் நிறமாக்குவதுதான் அவற்றின் வேலை. கறுப்பு முகத்தில் போட்டால் செங்கல் நிறம் வரும். எல்லாக் கல்யாண வீடியோவும் ஒரே மாதிரி இருப்பதற்கு இவைதான் காரணம், தொழில்காரனே சொல்கிறேன்.

பால்மரத் தோப்பு எங்காவது மிச்சமிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வருஷத் தொடக்கத்தில், பிப்ரவரியை ஒட்டி, வெயில் காலத்தில் பால்மரம் இலை உதிர்க்கும். உதிரும் முன் இலை சிவந்தும் மஞ்சளாகியும் நிற்கும். வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கிற நம்ம நாட்டில் இலையுதிர் காலம் மாதிரி ஒன்று கிடைப்பது அப்போது மட்டும்தான். சில வாரங்களில் கொழுந்து வந்துவிடும், அதனால் கதையை இப்போதே எழுதி வையுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கேட்காமல் உள்ளே போனால் காவலாளி நிறுத்துவார், அந்தப் பொன் வெளிச்சம் அவருக்காகக் காத்திருக்காது. இடம் பார்க்கப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்னிடம் பழைய போலரைசர் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.